வராத பிள்ளைகளின் கணக்கு

மே மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், பஞ்சாங்கத்தில் எழுதாத ஒரு திருவிழா நடைபெறுகிறது. பிளஸ் டூ பரீட்சையின் முடிவும், எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சையின் முடிவும் வெளியாகின்றன. கடைத்தெருவில், முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்களோடு விளம்பரப் பலகைகள் எழும்புகின்றன. ஊர் ஹைஸ்கூலின் வாயிலில், நூற்றுக்கு இத்தனை பேர் தேர்ச்சி என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். எந்த ஜில்லா முதலிடம், எந்த ஜில்லா கடைசி என்று பத்திரிகைகளில் பட்டியல் வருகிறது. கடைசி இடம் வாய்த்த ஜில்லாவின் கல்வி அதிகாரிகளுக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது.

இந்தக் கொண்டாட்டத்தைப் பழித்துப் பேசுவது நமது நோக்கமன்று. படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை, ஊர்ப் பொதுப் பாடசாலையில் படித்துப் பரீட்சையில் தேறினாளென்றால், அதற்காக ஊரார் வெடி வெடித்தாலும் தகும். 2025-ம் வருஷத்தில் பிளஸ் டூ பரீட்சையில் மாகாணம் முழுவதும் நூற்றுக்கு 95.03 பேரும், எஸ்.எஸ்.எல்.ஸி.யில் 93.80 பேரும் தேறினார்கள். சர்க்கார் பள்ளிகளை மட்டும் தனியாக எடுத்தால் பிளஸ் டூவில் 91.94, எஸ்.எஸ்.எல்.ஸி.யில் 91.26. சம்பளம் வாங்காமல், சேர்ப்பதற்கு முன் பொறுக்கி எடுக்காமல், வாசலுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் இவை. பணம் வாங்கிப் பொறுக்கி எடுக்கும் பள்ளிகளுக்கு வெகு அருகில் இவை நிற்பது சாமானியமான காரியம் அல்ல. மத்திய சர்க்காரின் 2021-22-ம் வருஷத்து உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயது வரையுள்ள ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் காலேஜ் படிப்பில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. தேச முழுவதற்கும் சராசரி 28.4 தான். இந்த வித்தியாசத்துக்கு அஸ்திவாரம் போட்டவை சிற்றூர் ஹைஸ்கூல்களே. இதை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடன்.

ஆனால் வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு ஒரு வழக்கமுண்டு. சாட்சி எவ்வளவு கௌரவமுள்ளவனாக இருந்தாலும், குறுக்கு விசாரணை செய்யாமல் அவன் வாக்கு மூலத்தை ஒப்புக்கொள்வதில்லை. தேர்ச்சி வீதம் என்கிற இந்தக் கௌரவமான சாட்சியையும் கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தகுந்த ஊராக விருதுநகரை எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் இந்த விஷயத்தில் தலை நிமிர்ந்து நிற்க அந்த ஊருக்குள்ள பாத்தியதை வேறெந்த ஊருக்கும் இல்லை.

2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி விருதுநகரில் 72,296 பேர். ஆற்றுப் பாசனம் இல்லை. மண்ணில் பெரிய விளைச்சலும் இல்லை. மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வேறு எங்கெங்கோ விளைந்து இங்கே வந்து விலை பேசப்படுகின்றன. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்க்காமல் தென் ஜில்லாக்களில் எண்ணெய் வியாபாரி கடை திறக்கமாட்டான். விருதுபட்டி என்ற பெயரோடிருந்த இந்த ஊருக்கு 1923-ல் விருதுநகர் என்று பெயர் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, இவ்வூர் நாடார் வியாபாரிகள் க்ஷத்திரிய வித்தியாசாலை என்னும் பாடசாலையை ஸ்தாபித்துவிட்டார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைக்கும் மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியும் சேர்ந்து பாடசாலை நடந்தது. கோயிலுக்குள் தங்களை விடாத காலத்தில், ‘எங்கள் பிள்ளைகளை நாங்களே படிக்க வைத்துக் கொள்ளுகிறோம்’ என்று ஒரு சமூகம் பிடி அரிசியைக் கொண்டு பதில் சொன்னது.

அந்தப் பிடி அரிசிக்கு ஒரு குணமுண்டு. பணக்காரன் ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தால் அவன் பெயரைச் சுவரில் எழுதி வைக்கலாம். அவ்வளவோடு அவன் கவலை தீர்ந்துவிடும். தினந்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் வீட்டம்மாளோ, ‘பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?’ என்று தினந்தோறும் கேட்பாள். பாடசாலையின் யோக்கியதையை ஊரார் தினமும் அளந்துகொண்டிருந்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் அளப்பது என்ற வழக்கம் அப்போது இல்லை.

1985-ல் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரித்து இவ்வூரைத் தலைநகராகக் கொண்ட தனி ஜில்லா ஏற்பட்டது. அது முதல் கால் நூற்றாண்டு அளவுக்கு, பொதுப் பரீட்சைகளின் முன்னணியில் விருதுநகர் ஜில்லா இருந்து வந்தது. வானம் பார்த்த பூமியும், தீப்பெட்டிக் கிடங்கும், பட்டாசுத் தொழிலுமாக உள்ள ஜில்லா இது. காவேரி பாயும் ஜில்லாக்களையும், சென்னைப் பட்டணத்தையும் பின்னுக்குத் தள்ளியது. காரணம் யாதென்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். சர்க்கார் உதவி பெற்று, உறவின்முறைகளும் டிரஸ்டுகளும் நிர்வகிக்கும் பள்ளிகள் இந்த ஜில்லாவில் அடர்ந்திருப்பதும், நிர்வாகிகள் உள்ளூரிலேயே வசிப்பதும் முக்கிய காரணங்கள் என்பது நமது அபிப்பிராயம். உபாத்தியாயர் வகுப்புக்கு வராவிட்டால் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குச் செய்தி போய்விடும். 2017, 2018-ம் வருஷங்களில் பிளஸ் டூவில் விருதுநகரே முதலிடம். பிறகு திருப்பூர், பெரம்பலூர் முதலிய ஜில்லாக்கள் முந்திக்கொண்டன. 2023-ல் மறுபடியும் 97.85 சதவிகிதத்தோடு விருதுநகர் முதலிடத்தைப் பிடித்தது.

இந்த 2023-ம் வருஷத்தைத்தான் நாம் குறுக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளுகிறோம்.

அவ்வருஷம் மார்ச்சு மாதம் 13-ந் தேதி பிளஸ் டூ பரீட்சை தொடங்கிற்று. முதல் நாள் தாய்மொழிப் பரீட்சை. கணக்கன்று, பௌதிகமன்று, தாய்மொழி! அன்றைக்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்கு வரவேயில்லை. சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் இது பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. கொரோனா நோய் பரவியிருந்த 2021-ல் எஸ்.எஸ்.எல்.ஸி. பரீட்சை எழுதாமலே தேறியவர்கள் இவர்கள் என்றும், பலர் நெடுநாளாகவே பள்ளிக்கு வராதவர்கள் என்றும், தொழிற்பயிற்சிக்குப் போய்விட்ட பிறகும் சிலருடைய பெயர் பட்டியலில் இருந்தது என்றும் சமாதானம் கூறப்பட்டது. சமாதானத்தில் உண்மை இல்லாமலில்லை. மே மாதத்தில் முடிவு வந்தது. பரீட்சை எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451, தேர்ச்சி வீதம் 94.03 என்று அறிவித்தார்கள்.

எந்தத் தொகையை எந்தத் தொகையால் வகுத்தார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தேறியவர்களை, எழுதியவர்களின் தொகையால் வகுத்தார்கள். எழுதுவதாகப் பதிந்திருந்த பள்ளி மாணாக்கர்களோ ஏறக்குறைய எட்டரை லக்ஷம் பேர். அந்தத் தொகையால் வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு எண்பத்தொன்பதுக்கும் சற்றுக் குறைவாக வருகிறது. ஐந்து சதவிகிதம் எங்கே போயிற்று? வராத பிள்ளைகளோடு போயிற்று. மண்டபத்துக்கு வந்து தோற்ற பிள்ளை, பள்ளியின் கணக்கைக் கெடுக்கிறான். வராமலே இருந்துவிட்ட பிள்ளையால் கணக்குக்கு யாதொரு தீங்கும் இல்லை. நூறு மூட்டை வற்றலை வண்டியில் ஏற்றி, வழியில் ஆறு மூட்டை காணாமற்போய், மிஞ்சிய மூட்டைகளுக்கு மட்டும் கணக்கெழுதி இலாபம் காட்டும் கணக்குப்பிள்ளையை விருதுநகர் வியாபாரி ஒரு நாளாவது வேலைக்கு வைத்துக்கொள்வானா?

இந்தக் கணக்கு முறை சட்ட விரோதமன்று. உலகத்தில் எல்லாப் பரீட்சைகளுக்கும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் இந்த வீதத்தைக் கொண்டே தலைமை உபாத்தியாயரைப் புகழ்வதும் இகழ்வதும் என்று ஏற்பட்டுவிட்டால், வீதத்தைக் கெடுக்கக்கூடிய பிள்ளை வராமலிருப்பதே பள்ளிக்கு லாபம் என்ற விபரீத நிலை பிறக்கிறது. எந்தத் தலைமை உபாத்தியாயரும் ஒரு பிள்ளையை ‘வராதே’ என்று சொல்வதாக நாம் குற்றஞ்சாட்டவில்லை. ‘வா’ என்று அவன் வீட்டு வாசலுக்குப் போய் அழைப்பதற்கு வேண்டிய தூண்டுதல் கணக்கிலேயே இல்லை என்பதுதான் நமது வாதம். அந்தக் கணக்கையும் பொருட்படுத்தாமல், வேலைக்குப் போன பையனைத் தேடி லேத்துப் பட்டறைக்கும் ஹோட்டலுக்கும் அலைகிற உபாத்தியாயர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரிருவர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

வடிகட்டும் காரியம் பரீட்சை நாளில் தொடங்குவதன்று. அதற்கு மூன்று வருஷம் முன்பு, ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. இதற்குச் சட்டமே ஒரு காரணம்.

1950-ல் அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 45-வது விதி, பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று சர்க்காருக்குக் கட்டளையிட்டது. 1960 வந்து போயிற்று. 2002-ல் 86-வது திருத்தத்தால் 21-ஏ என்ற விதி சேர்ந்து, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதை நிறைவேற்ற 2009-ல் இயற்றிய சட்டம், 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும் வரையில் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது, பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது என்று அச்சட்டத்தின் 16-வது பிரிவு கூறிற்று. 2019-ல் பார்லிமெண்டு இதைத் தளர்த்தி, மாகாண சர்க்கார்களின் இஷ்டத்துக்கு விட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைப்பதாக அவ்வருஷமே உத்தரவு பிறந்தது. பலமான எதிர்ப்பு எழவே 2020 பிப்ரவரியில் அது வாபஸ் ஆயிற்று. வாபஸ் வாங்கியது நியாயமே.

ஆனால் பதினான்கு வயதோடு சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது. அந்த வயதில்தான் ஒன்பதாம் வகுப்புத் தொடங்குகிறது. எட்டு வருஷமாக ஒருவரும் தடுக்காமல் வந்த பிள்ளை, அங்கே முதன்முதலாகத் தடுக்கப்படுகிறான். தமிழில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கத் தெரியாதவனாக அவன் வந்திருந்தால், ஹைஸ்கூல் உபாத்தியாயர் என்ன செய்வார்? அடுத்த வருஷம் பொதுப் பரீட்சை. ஜில்லாக் கல்வி அதிகாரியின் ஆய்வுக் கூட்டத்தில் பாடவாரியாகத் தேர்ச்சி வீதம் கேட்பார்கள். வீதம் குறைந்த உபாத்தியாயர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். ஆகையால் அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தங்குகிறான். தங்கியவன் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான். அல்லது, தனித் தேர்வராகப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று அவன் தகப்பனாருக்கு யாரோ யோசனை சொல்லுகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது. மாற்றிச் சேருவதற்கு வேறு பள்ளி எது?

ஒரு கணக்குக்காகச் சொல்லுவோம். ஓர் ஊர் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்பில் 120 பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் பரீட்சைக்குப் பதிந்தவர்கள் 100. எழுதியவர்கள் 92. தேறியவர்கள் 88. வாயிற் பலகையில் 95.65 சதவிகிதம் என்று எழுதுவார்கள். பொய்யென்று யாரும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் ஊரார் நம்பி ஒப்படைத்த 120 பேரில் தேறியவர்கள் நூற்றுக்கு 73 பேரே. மற்ற முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரைக் கேட்டால் ஆபீஸ் குமாஸ்தாவும் பழைய ரிஜிஸ்டரைத் தேட வேண்டியிருக்கும்.

அந்த முப்பத்திரண்டு பேரில் பையன்கள் அதிகம் என்று ஊகிக்க இடமிருக்கிறது. 2023-ம் வருஷத்துப் பிளஸ் டூ முடிவில் பெண்கள் 96.38, பையன்கள் 91.45. ஐந்து சதவிகித வித்தியாசம். பெண்கள் முன்னேறியதைக் குறித்து மகிழ்ச்சியடையலாம். பையன்கள் பின்தங்கியதைக் குறித்துச் சும்மா இருக்கலாகாது. பதினைந்து வயதுப் பையனுக்கு ஊரில் கூலி கிடைக்கிறது; கையில் காசு புழங்கினால் பள்ளி கசக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்துக் காலேஜுக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கு அதேபோன்ற திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இரண்டும் நல்ல திட்டங்களே. ஆயினும் இரண்டும் பிளஸ் டூ தாண்டியவர்களுக்கு உரியவை. ஒன்பதாம் வகுப்பில் நிற்கிற பையன் அந்த ஆயிரத்தை எட்டிப் பார்க்கும் தூரத்தில் கூட இல்லை.

அடுத்தபடியாக, தேறியவர்களைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. அந்த முப்பத்தைந்துக்குள் என்ன அடங்கியிருக்கிறது?

பதினைந்து வயது மாணாக்கர்கள் தாங்கள் படித்ததைக் கொண்டு என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பதற்காக, மேல்நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து பீஸா என்றொரு சர்வதேசப் பரீட்சையை நடத்துகின்றன. அதன் 2009-ம் வருஷத்துச் சுற்றின் தொடர்ச்சியில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசித்துப் பொருள் அறிவதில் குறைந்தபட்ச நிலையையாவது எட்டியவர்கள், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 17 பேர், கணக்கில் 15, விஞ்ஞானத்தில் 16. பரீட்சையை நடத்திய தேசங்களின் சராசரியோ முறையே 81, 75, 82. கலந்துகொண்ட எழுபதுக்கு மேற்பட்ட தேசங்களிலும் பிராந்தியங்களிலும், தமிழ்நாடும் இமாசலமும் வரிசையின் கடைசிக் கோடியில் நின்றன. கேள்விகள் நமது குழந்தைகளின் வாழ்க்கைக்கு அன்னியமானவை என்று டில்லி ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தில் கொஞ்சம் நியாயமிருக்கலாம். நூற்றுக்கு அறுபது வித்தியாசத்துக்கு வேண்டிய நியாயம் அதில் இல்லை. பிறகு 2012, 2015, 2018-ம் வருஷங்களின் சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவேயில்லை. நாடித்துடிப்புச் சரியில்லை என்று வைத்தியர் சொன்னால், வைத்தியரிடம் போவதை நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டல்லவா?

கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ‘அஸர்’ என்ற அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் நூற்றுக்கு 40.7, பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்த பிறகு 2022-ல் 25.2. இந்தப் பிள்ளைகள்தாம் சில வருஷங்களில் ஹைஸ்கூல் வாசலுக்கு வருகிறவர்கள். அடியில் இப்படி இருக்க, முடியில் தொண்ணூற்றைந்து எப்படி வருகிறது? அதற்கென்று ஒரு தொழில் நுட்பமே வளர்ந்திருக்கிறது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்ற வரைபடம் உண்டு. மெல்லக் கற்பவர் என்று பெயர் சூட்டிய பிள்ளைகளுக்கு, முப்பத்தைந்து வாங்குவதற்கு மட்டும் வேண்டியதைச் சுருக்கிக் கொடுக்கும் கையேடு உண்டு. ஒரு மதிப்பெண் கேள்விகளை நெட்டுருப் போட வைக்கும் காலை வகுப்பு, மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு எல்லாம் உண்டு. இவ்வளவும் செய்யும் உபாத்தியாயர் சோம்பேறியல்லர். இரட்டிப்பு வேலை செய்கிறார். எட்டு வருஷத்து அரைகுறையை எட்டு மாதத்தில் மறைக்கும் வேலை அவருக்கு இடப்பட்டிருக்கிறது.

தனியார் பள்ளிகளின் புத்தி இதைவிட ஒரு படி மேலே போயிற்று. பிளஸ் ஒன் பாடங்களைத் தொடாமலே, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்க 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பரீட்சையைச் சேர்ப்பதும் கழிப்பதுமே கல்விச் சீர்திருத்தம் என்று நினைக்கும் பழக்கம் கோட்டையில் எந்தக் கட்சி இருந்தாலும் மாறுவதில்லை. 2017-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாகாணத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று தனி மாணாக்கர்களுக்கு அளித்துவந்த வரிசையை ரத்து செய்தார்கள். பிள்ளைகளின் தலையிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. ஜில்லாக்களின் வரிசையும் பள்ளிகளின் வரிசையும் மட்டும் அப்படியே நிற்கின்றன. அந்தச் சுமை அதிகாரியின் தோளிலிருந்து தலைமை உபாத்தியாயருக்கும், அவரிடமிருந்து உபாத்தியாயருக்கும் இறங்கி, முடிவில் ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சியில் வந்து உட்காருகிறது.

அந்தக் கடைசிப் பெஞ்சிக்கு விருதுநகரில் ஒரு சரித்திரம் உண்டு. க்ஷத்திரிய வித்தியாசாலையில் படித்த ஒரு பையன், சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவன், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மாமனின் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றான். இன்றைய கணக்கு முறையில் அவன் பள்ளியின் தேர்ச்சி வீதத்தை ஒரு புள்ளியளவும் குறைத்திருக்க மாட்டான். அவன் கணக்கிலேயே இல்லை. அந்தப் பையன் காமராஜ். 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாக இருந்தபோது, படிப்பை விட்டுப் போகிற பிள்ளை எதனால் போகிறான் என்று ஒருவரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1956-ல் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போடத் தொடங்கியபோது அவர் தேர்ச்சி வீதத்தைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை பள்ளிக்கு வருகிறானா என்பதைப் பற்றிப் பேசினார்.

அவருடைய நாளில் நடந்த இன்னொரு காரியத்தை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். பொதுக் கல்வி டைரக்டராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளைக் கூட்டினார். கரும்பலகை, பெஞ்சி, கட்டிடம், தண்ணீர்க் குழாய், பிள்ளைகளுக்குச் சட்டை என்று எங்கள் பள்ளிக்கு இன்னது வேண்டும் என ஊராரே பட்டியல் தயாரித்தார்கள். அவர்களே மேடையில் ஏறி, இன்னதை நான் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். விருதுநகரில் ஒரு சமூகம் பிடி அரிசியால் செய்ததை, மாகாணம் முழுவதும் எல்லாச் சமூகமும் சேர்ந்து செய்ய வைத்த முயற்சி அது. பின்னாளில் சர்க்காரே யாவும் தருவது என்றாயிற்று. தருவது சர்க்காரின் கடமைதான். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கொடுப்பதை நிறுத்தியபோது ஊரார் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

கேட்பதற்கு இப்போது சட்டமே இடம் தருகிறது. 2009-ம் வருஷத்துச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். உள்ளூர் ஸ்தாபனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் சர்க்கார் பள்ளிகளில் இக்குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். நகரசபை மெம்பர்களும், கட்சி ஊழியர்களும், தேச சேவையில் நாட்டமுள்ள வாலிபர்களும் இதில் எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்? சுதந்திர தினத்தன்று கொடியேற்றவும், சைக்கிள் வழங்கும் விழாவில் மாலை வாங்கிக்கொள்ளவும் பள்ளிக்குப் போகிறவர்கள், குழுக் கூட்டத்தன்று வெளியூரில் இருக்கிறார்கள். பெற்றோர்களாகிய ஏழை ஸ்திரீகள் ஒரு நாள் கூலியை விட்டு வந்து உட்கார்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு இங்கேயோ வேறு பள்ளியிலோ இருக்கிறார்கள்? மற்றவர்கள் எங்கே, அவர்கள் பெயர் என்ன? இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு யார், எந்த நேரத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத தலைமை உபாத்தியாயரைக் கடிந்துகொள்ள வேண்டாம். காலியாய்க் கிடக்கும் உபாத்தியாயர் உத்தியோகங்கள் எத்தனை என்று அவரிடம் எழுதி வாங்கி, சட்டசபை மெம்பரிடம் கொடுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை முடிவு வெளியிடும் நாளில், தேர்ச்சி வீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையும் ஜில்லாவாரியாக அச்சிடட்டும். ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஓர் எண் கொடுத்து, ஆரம்பம் முதல் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருக்கும் இலாகாவுக்கு இந்தக் கணக்குப் போடுவது ஒரு பகல் வேலை. அப்படிப் போட்டால் முதலிடமும் கடைசியிடமும் இடம் மாறக்கூடும். விருதுநகர் அந்தப் பட்டியலிலும் முன்னணியில் நிற்குமா என்பதைக் காண நமக்கு உண்மையாகவே ஆவல் உண்டு. நிற்கும் என்று அவ்வூர்க்காரர்கள் பந்தயம் கட்டினால், அந்தப் பிடி அரிசியை நினைத்து, நாம் எதிர்ப் பந்தயம் கட்டத் துணியமாட்டோம்.

மே மாதத்தில் தோற்றவர்களும் வராதவர்களும் சில வாரங்களுக்குள் எழுதுவதற்குச் சிறப்புத் துணைப் பரீட்சை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. ஒரு வருஷத்தை வீணாக்காமல் காக்கும் ஏற்பாடு அது. விண்ணப்பம் செய்வதற்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில்தான் கடைத்தெருவில் விளம்பரப் பலகைகள் எழும்பிக்கொண்டிருக்கும். பலகை கட்டும் வாலிபர்களில் நான்கு பேர், ஹைஸ்கூலில் வராதவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, பட்டறை பட்டறையாகப் போக வேண்டும்.